பலகை தள்ளுபவன்

விடியுமுன்பே அச்சுக்கு எண்ணெய் விட்டாயிற்று.
ஆலிவ் கசடுதான்.
தெளிந்த எண்ணெய் தெய்வத்துக்கு.

நாலு சக்கரம், ஒரு பலகை,
பலகைமேல் லிக்கோன்.
குயவன் வீட்டு அடிமைப் பையன், ஒன்பது வயது,
இன்று அரசகுமாரனின் பிணம்.
வாய் முழுக்க வெங்காய வாடை.
மூக்கு அரிக்கிறது என்கிறான்.
செத்தவனுக்கு அரிக்காதடா, படு.

கதவுக்கு அப்பால், குன்றின் சரிவில்,
ஏதென்ஸ் நகரமே உலர்ந்த அத்தி மென்றபடி அமர்ந்திருக்கிறது.
மரச்சுவர் விரிசலில் கண்ணை வைத்தால்
தெல்மியோன் மன்னனின் முதுகு தெரியும்.
முதுகு மட்டும்.
எத்தனை வசந்தம், எத்தனை மன்னர்கள்,
எல்லாரையும் எனக்கு முதுகாகத்தான் தெரியும்.

பஞ்சத்து நாடு.
"களஞ்சியத்தை இரவில் தொடுபவன்
எவனானாலும் என் ஈட்டிக்கு இரை"
என்று காலையில் அவன்தான் ஆணையிட்டான்.
நியாயமான ஆணை.
முகமூடிக் கிழவர்கள் பதினைந்து பேரும்
ஒரே தலையாய் அசைத்தார்கள்.

மகனால் கேடு என்று குறி சொல்லக் கேட்டு
மலைக்கு அனுப்பிய பிள்ளை
பசித்து இறங்கி வந்துவிட்டான்.
இது எனக்குத் தெரியும்,
அச்சுக்குத் தெரியும்,
வெங்காயம் தின்ற பிணத்துக்கும் தெரியும்.
அவனோ
"இருட்டில் ஒரு திருடனை வீழ்த்தினேன், இனி ஊர் உண்ணும்"
என்று நிமிர்ந்து சொல்கிறான்.
சொல்லிக்கொண்டே இருக்கிறான்,
அவன் மகனைக் கிடத்தி
மார்பில் நான் செஞ்சாயம் பூசி முடித்த பிறகும்.

ஊழ் மேலே எங்கோ இருப்பதாகச் சொல்வார்கள்.
நான் கண்டமட்டில்
அது கதவுக்கு இந்தப் பக்கம்
சாயம் காயக் காத்திருக்கிறது.

எனக்கு யாரும் குறி சொன்னதில்லை.
திரேஸ் கரையிலிருந்து இறக்கிய அன்று
பல்லைப் பார்த்து
நூற்று அறுபது திராக்மா என்றார்கள், அவ்வளவுதான்.
பிழை செய்வதற்கும்
ஒரு நாடு கையில் இருக்க வேண்டும் போல.

தூதுவன் வந்தான். மலையைச் சொன்னான்,
பிள்ளையின் கழுத்தில் கிடந்த வெண்கலத் தகட்டைச் சொன்னான்.
கிழவர்கள் பாட்டை நிறுத்தினார்கள்.
"கதவைத் திறங்கள்" என்றான் மன்னன்.
திறந்தார்கள்.
நான் தள்ளினேன்.

இடது சக்கரம் நகரவில்லை.

திறந்த வாசலில் வெறும் இருட்டு.
மென்ற வாய்கள் நின்றன.
ஒரு மூச்சு, இரண்டு மூச்சு,
அந்தப் பிள்ளை இன்னும் சாகவில்லை.
கடைசி வரிசையில் கடலை விற்பவன் கத்தினான்:
"வேண்டாமய்யா, மூடிவிடுங்கள்!"
சத்தியமாக நானும் கையை எடுத்தேன்.
மூடியிருக்கலாம்.
சக்கரம் பழுது, நாடகம் முடிந்தது, போங்கள் என்றிருக்கலாம்.

அப்போதுதான் அவன் திரும்பினான்.
பசை காய்ந்த துணிமுகம், திறந்தே கிடக்கும் வாய்,
துளைகள் இரண்டில்
நடிகன் பைனிப்போஸின் கண்கள்,
இருட்டுக்குள் என்னைத் தேடி.
எழுதித் தராத வரியைச் சொன்னான்,
மெதுவாக, பக்கத்து வீட்டில் நெருப்புக் கேட்பவனைப் போல:
"கொண்டு வா.
ஈட்டி என்னுடையது.
நான் பார்க்க வேண்டும்."

அதற்குமேல் என்ன செய்ய.
தோளைக் கொடுத்தேன்.
அச்சு ஓலமிட்டது, பலகை வெயிலுக்குள் போனது.
பிறகு எழுந்த சத்தத்தில்
எது அவன், எது ஊர் என்று பிரிக்க முடியவில்லை.

எல்லாம் அடங்கிப் பலகையை உள்ளே இழுத்தேன்.
கதவு சாத்தியது.
எழுந்திருடா, சொறிந்துகொள் என்றேன்.
லிக்கோன் கண் திறக்கவில்லை.
வெளியே, மரச்சுவருக்கு அப்பால்,
தெல்மியோன் இன்னும் அழுதுகொண்டிருந்தான்.

"கொஞ்சம் பொறு" என்றது பிணம்,
உதடு அசையாமல்.
"அவர் எனக்காக அழுது முடிக்கட்டும்."